45 வாட் பெட்டிக்கு ஏன் கூடுதல் விலை? வீட்டில் இசை கேட்க ஸ்டீரியோ ரிசீவரைத் தேர்ந்தெடுக்கும் முறை

மின்னணுப் பொருள் கடையில் இரண்டு பெட்டிகள் அருகருகே இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது, ஐந்து சிறு ஸ்பீக்கர்களும் ஒரு சப்ஊஃபரும் சேர்ந்த பிளாஸ்டிக் தொகுப்பு; அதன் அட்டையில் 4000 வாட் பி.எம்.பி.ஓ. என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டாவது, தூக்கினால் கனக்கும் ஓர் உலோகப் பெட்டி. அதனுடன் ஸ்பீக்கர்கூட வருவதில்லை. விவரத் தாளில் பக்கத்துக்கு, அதாவது இட வல ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும், 45 வாட் என்றுதான் இருக்கிறது. விலையோ முதலாவதைவிடப் பல மடங்கு. இசை கேட்பதற்கென்று எளிமையான ஒரு கருவி வாங்க வந்தவர் இங்கேதான் குழம்பிப் போகிறார். இரண்டு எண்களும் வாட் என்ற ஒரே சொல்லைச் சுமந்தாலும் வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன என்பதே குழப்பத்தின் வேர். அதை அவிழ்க்க, ரிசீவர் என்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு பெட்டிக்குள் மூன்று கருவிகள்

ஸ்டீரியோ ரிசீவர் என்பது தனித்தனியாகவும் வாங்கக்கூடிய மூன்று கருவிகளை ஒரே பெட்டியில் அடக்கியது.

1. டியூனர்: ஆன்டெனா வழியாக வரும் வானொலி அலையைப் பிடித்து ஒலிச் சைகையாக மாற்றுகிறது. ரிசீவர் என்ற பெயர் வந்ததே இந்தப் பகுதியால்தான்.

2. பிரீஆம்ப்: சி.டி. பிளேயர், தொலைக்காட்சி, கைபேசி, டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டும் கருவி) ஆகியவற்றில் எதன் ஒலி இப்போது கேட்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும், ஒலியளவு, பேஸ், ட்ரெபிள், இட வலச் சமநிலை ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவதும் இதன் வேலை.

3. பவர் ஆம்ப்: மிகச் சிறிய அந்தச் சைகையை, ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் அளவுக்கு மின்வலுவுள்ளதாக ஆக்குகிறது. பெட்டியின் எடையிலும் விலையிலும் பெரும்பங்கு இந்தப் பகுதிக்கும் இதற்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் உரியது.

டியூனரை நீக்கிவிட்டு மற்ற இரண்டையும் மட்டும் வைத்தால் அதற்கு இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர் என்று பெயர். வானொலி கேட்காத வீட்டுக்கு அதுவே போதும். இந்தக் கட்டுரையில் சொல்லப்படுபவை, வானொலி பற்றிய பகுதி நீங்கலாக, அதற்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு 1961இல் அனுமதி கிடைத்த பிறகுதான் இந்த வகைப் பெட்டி வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது. ஒரே அலைவரிசைக்குள் இடப்பக்க ஒலியையும் வலப்பக்க ஒலியையும் சேர்த்து அனுப்பி, 19 கிலோஹெர்ட்ஸ் வழிகாட்டிச் சைகையின் துணையோடு வீட்டில் அவற்றைப் பிரித்தெடுக்கும் முறை அப்போது வந்தது. அதைப் பிரிக்கும் சுற்றையும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களையும் ஒன்றாகக் கொடுத்தால் வாங்குபவருக்கு இணைப்பு வேலை குறையும் என்பதே ரிசீவர் என்ற வடிவம் பரவியதற்குக் காரணம்.

திரையரங்கு ரிசீவர் வேண்டுமா, ஸ்டீரியோ ரிசீவர் வேண்டுமா

கடைகளில் ரிசீவர் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் காட்டப்படுவது 5.1 அல்லது 7.2 என்று எழுதிய ஏ.வி. ரிசீவர். திரைப்படத்தின் சூழொலியை ஐந்து, ஏழு ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தருவதற்காக வடிவமைக்கப்பட்டது அது. இசை வெளியீடுகளோ, பழைய இசைத்தட்டு முதல் இன்றைய கைபேசிச் செயலி வரை, மிகப் பெரும்பாலும் இரண்டு தடங்களிலேயே பதிவாகி வருகின்றன. ஆகவே இசைக்காகவே வாங்குபவர் ஏ.வி. ரிசீவரை எடுக்கும்போது, தாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மட்டுமே தமக்குக் கேட்கப்போகும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்குச் செலவிடுகிறார். மீதி, பயன்படாத மூன்று அல்லது ஐந்து ஆம்ப்ளிஃபயர்களுக்கும், படக் காட்சிச் சுற்றுகளுக்கும், சூழொலித் தொழில்நுட்பங்களுக்கான உரிமக் கட்டணங்களுக்கும் போகிறது. இன்னொரு வேறுபாடு நாளடைவில் தெரியும். படக் காட்சித் தரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவதால் ஏ.வி. ரிசீவர் விரைவில் பழையதாகிவிடுகிறது. இரண்டு தட ஆம்ப்ளிஃபயருக்கு அந்தக் கெடு இல்லை. 1970களில் செய்யப்பட்ட ரிசீவர்கள் இன்றும் வீடுகளில் பாடிக்கொண்டிருப்பதற்கு அதுவே காரணம்.

திரைப்படம் பார்ப்பதே முதன்மையாக உள்ள குடும்பத்துக்கு இந்த வாதம் பொருந்தாது, அவர்களுக்கு ஏ.வி. ரிசீவரே சரியானது.

வாட் என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கேள்விகள்

ஓர் ஆம்ப்ளிஃபயர் இத்தனை வாட் தரும் என்று எழுதியிருந்தால், அந்த எண் நான்கு நிபந்தனைகளோடு சேர்ந்தால்தான் பொருள் தரும்.

1. எவ்வளவு நேரம்? தொடர்ந்து தரக்கூடிய சராசரி வலுவைத்தான் சந்தையில் ஆர்.எம்.எஸ். வாட் என்கிறார்கள். பி.எம்.பி.ஓ. என்பது, நொடியின் மிகச் சிறு பகுதியில், எந்த நிலையிலாவது எட்டக்கூடியதாகக் கற்பனை செய்யப்படும் உச்சம். அதை அளக்க ஒப்புக்கொள்ளப்பட்ட தரமுறை எதுவும் கிடையாது. ஒரு தயாரிப்பாளரின் பி.எம்.பி.ஓ. எண்ணை மற்றொருவருடையதோடு ஒப்பிடவே முடியாது. அந்த எண்ணை முழுவதுமாக ஒதுக்கிவிடுவதே சரி.

2. எந்த அதிர்வெண் எல்லைக்குள்? மனிதச் செவி கேட்கும் எல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை. அந்த முழு எல்லையிலும் 45 வாட் தருவது கடினம். 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒற்றைச் சுருதியில் மட்டும் அதைத் தருவது எளிது. ஆம்ப்ளிஃபயரை உண்மையில் திணறடிப்பவை அடித்தொனிகளே என்பதால், 1 கிலோஹெர்ட்ஸில் அளந்த எண் நமக்குச் சொல்வது குறைவு.

3. எவ்வளவு திரிபோடு? உள்ளே போகும் ஒலியில் இல்லாத எதையோ ஆம்ப்ளிஃபயர் சேர்த்துவிடுவதே திரிபு. 10 விழுக்காடு திரிபை அனுமதித்து அளந்தால், 1 விழுக்காட்டுக்குள் அளந்ததைவிட எண் கால் பங்கு அளவுக்கோ அதற்கு மேலோ கூடிவிடும். பெட்டி அதேதான், எண் மட்டும் வளர்ந்திருக்கும்.

4. எத்தனை ஓம் சுமையில் (ஸ்பீக்கரின் மின்தடையே சுமை; அதன் அலகு ஓம்), எத்தனை பக்கங்கள் ஒரே நேரத்தில் இயங்கும்போது? ஒரு பக்கத்தை மட்டும் இயக்கி அளந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் முழுச் சக்தியும் அந்த ஒன்றுக்கே கிடைக்கும். எண்ணும் அதற்கேற்ப உயரும்.

இந்தக் குழப்பம் இன்று தோன்றியதல்ல. அமெரிக்காவில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்குப் பிடித்த முறையில் வாட் எண்ணை அறிவித்து வந்ததால், அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1974இல் வீட்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கென்று ஒரு விதி கொண்டுவந்தது. தொடர்ச்சியான வலு, சுமை, அதிர்வெண் எல்லை, திரிபு ஆகிய அனைத்தையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும் என்றது அந்த விதி. நேர்மையான எண்களோடு போட்டியிட வேண்டிய நிலை வந்த பிறகு, தயாரிப்பாளர்கள் உண்மையாகவே பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களை வைக்கத் தொடங்கினார்கள். பயனியர் நிறுவனம் 1978இல் வெளியிட்ட எஸ்.எக்ஸ்-1980 பக்கத்துக்கு 270 வாட் வரை சென்றது. சோதனை நிபந்தனைகளையே ஒருபடித்தானவையாக ஆக்கும் திருத்தம் அந்த விதிக்கு 2024இல் வந்தது. நம் ஊரில் வாங்குபவரும் ஒரு ரிசீவரின் அமெரிக்க விவரத் தாளை இணையத்தில் எடுத்து, அதிலுள்ள வாட் வரியை முழுமையாகப் படித்துப் பார்ப்பது பயன் தரும்.

எடுத்துக்காட்டாக, யமஹா ஆர்-எஸ்202 என்ற எளிய ரிசீவரின் விவரக்குறிப்பு பக்கத்துக்கு 100 வாட், 8 ஓம், 40 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், 0.2 விழுக்காடு திரிபு என்று சொல்கிறது. வலு, சுமை, அதிர்வெண் எல்லை, திரிபு ஆகிய நான்கு தகவல்களும் வரியிலேயே இருக்கின்றன. கீழெல்லை 20 ஆக இல்லாமல் 40 ஹெர்ட்ஸ் என்று தொடங்குவதையும் அந்த வரியே வெளிப்படையாகக் காட்டிவிடுகிறது. இப்படி எழுதப்பட்ட எண்ணை நம்பலாம். அதன் எல்லையும் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

விவரத் தாளே கிடைக்காதபோது பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். மின்நுகர்வு எத்தனை வாட் என்று அங்கே அச்சிடப்பட்டிருக்கும். சுவரிலிருந்து 60 வாட் மட்டுமே இழுக்கக்கூடிய கருவி, அதைவிட அதிகமான ஒலிவலுவைத் தொடர்ந்து வெளியே தர இயற்கை விதி இடம் கொடுக்காது. வழக்கமான ஏ.பி. வகை ஆம்ப்ளிஃபயர் இழுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியை வெப்பமாகவே இழக்கிறது. டி வகை ஆம்ப்ளிஃபயர் 90 விழுக்காடு அளவுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். எனவே டி வகைக் கருவி எடை குறைவாக இருப்பதை மட்டும் வைத்து அதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை.

உண்மையில் எத்தனை வாட் போதும்

இதற்குப் பதில் ஸ்பீக்கரில் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உணர்திறன் என்ற ஓர் எண் உண்டு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபல் ஒலி வருகிறது என்பதே அது. வீட்டு ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு இது 84 முதல் 91 வரை இருக்கும்.

86 டெசிபல் உணர்திறன் கொண்ட இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்பவரை எடுத்துக்கொள்வோம். திறந்த வெளியாக இருந்தால் அந்தத் தொலைவில் 8 டெசிபல் குறையும். ஆனால் அறையின் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன; இரண்டாவது ஸ்பீக்கரும் பாடுகிறது. இவை சேர்ந்து ஏறத்தாழ 5 டெசிபலைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆக, பக்கத்துக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தாலே காதில் விழுவது 83 டெசிபல் அளவில் இருக்கும். சாதாரண உரையாடல் 60 டெசிபல் அளவு. வயது வந்தவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்க 80 டெசிபல் வரையே பாதுகாப்பானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒரு வாட்டிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறோம்.

அப்படியானால் 45 வாட் எதற்கு? இசையின் சராசரி ஒலியளவுக்கும் அதன் உச்சத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் ஓர் அடி, மெல்லப் போய்க்கொண்டிருக்கும் வயலினுக்கு மேல் எழும் தவிலின் ஒரு சொல், இவை சராசரியைவிட 15 டெசிபலுக்கு மேல்கூடத் தாவக்கூடும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வலு இருமடங்காக வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு, 20 டெசிபலுக்கு நூறு மடங்கு. சராசரியில் 1 வாட் செலவாகும் இடத்தில் 16 டெசிபல் உயரும் ஓர் அடிக்கு 40 வாட் தேவை. அந்தக் கணத்தில் ஆம்ப்ளிஃபயரிடம் வலு இல்லையென்றால் அலையின் உச்சி வெட்டுப்படும்; அடி மழுங்கிக் கேட்கும். தொடர்ந்து இப்படி வெட்டுப்பட்ட ஒலியை உரத்து வைத்துக் கேட்டால் ஸ்பீக்கரில் மேல்தொனிகளைத் தரும் சிறு பகுதியான ட்வீட்டர் எரிந்துபோகவும் கூடும். வலு குறைந்த ஆம்ப்ளிஃபயர் என்பதால் ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை என்று எண்ணுவது தவறு.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. முதலாவது, நடுத்தர அளவுள்ள கூடத்துக்கு நேர்மையாக அளக்கப்பட்ட 40 முதல் 60 வாட் தாராளமாகப் போதும். 45 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு மூன்றரை டெசிபல்தான். ஒலி இருமடங்காகக் கேட்பதாகச் செவி உணர்வதற்கு 10 டெசிபல், அதாவது 450 வாட் தேவைப்படும். இரண்டாவது முடிவை நான் முதன்மையாகக் கருதுகிறேன். 86 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 90 டெசிபல் ஸ்பீக்கரை வாங்கினால், அதே 45 வாட் 113 வாட்டின் வேலையைச் செய்துவிடும். ஒலியின் தன்மையைத் தீர்மானிப்பவையும் பெரும்பாலும் ஸ்பீக்கரும் அறையும்தான். எனவே மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் ஸ்பீக்கர்களுக்கு ஒதுக்கி, அவற்றை முதலில் முடிவு செய்துவிட்டு, அவற்றுக்கு ஏற்ற ரிசீவரைத் தேடுவதே சரியான வரிசை. ரிசீவரை முதலில் வாங்கி, மிஞ்சிய பணத்தில் ஸ்பீக்கர் தேடுபவர்கள் கடைசியில் இரண்டிலும் நிறைவடைவதில்லை.

ஓம்: சுமையின் கணக்கு

8 ஓம் ஸ்பீக்கருக்கு 45 வாட் கொடுக்க ஆம்ப்ளிஃபயர் ஏறத்தாழ 19 வோல்ட் மின்னழுத்தம் தர வேண்டும், அப்போது 2.4 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். அதே 19 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் மின்னோட்டம் இருமடங்காகிறது. டிரான்ஸ்ஃபார்மரும் டிரான்சிஸ்டர்களும் அதற்கேற்ப இல்லையென்றால் சூடேறும், பாதுகாப்பு ரிலே அணைத்துவிடும். எளிய ரிசீவர்கள் பலவும் 6 அல்லது 8 ஓமுக்குக் குறையாத ஸ்பீக்கர்களையே கேட்கின்றன. இது பின்பலகையில் ஸ்பீக்கர் முனைகளின் அருகிலேயே எழுதியிருக்கும்.

ஏ, பி என்று இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களுக்கு இடம் இருந்தால், கூடத்தில் ஒன்றும் சாப்பாட்டு அறையில் ஒன்றுமாக வைக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கும்போது, பக்க இணைப்பாக (பேரலலாக) இருந்தால், இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் சேர்ந்து 4 ஓமாகத் தெரியும். ஆகவே இரண்டு ஜோடிகளை ஒன்றாக இயக்க நினைப்பவர் இரண்டையுமே 8 ஓமில் வாங்குவது நல்லது.

பின்பலகை: முடிவெடுக்க வேண்டிய இடம்

வாட் பற்றிய கவலை தீர்ந்தபின், எந்த ரிசீவர் நமக்கு உகந்தது என்பதை உண்மையில் தீர்மானிப்பது அதன் பின்னால் இருக்கும் துளைகள். வீட்டில் எவையெல்லாம் இதனோடு இணையப் போகின்றன என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.

1. டர்ன்டேபிள். இசைத்தட்டின் ஊசிமுனையிலிருந்து வரும் சைகை மிகச் சிறியது. பரவலாக உள்ள எம்.எம். வகை கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) 5 மில்லிவோல்ட் அளவே தரும், சி.டி. பிளேயரோ 2 வோல்ட், அதாவது 400 மடங்கு. அதோடு, இசைத்தட்டில் அடித்தொனிகளைக் குறைத்தும் மேல்தொனிகளைக் கூட்டியும்தான் பள்ளம் வெட்டுகிறார்கள். இல்லையென்றால் பேஸ் ஒலியின் பள்ளம் பக்கத்துப் பள்ளத்தில் இடித்துவிடும். திருப்பி வாசிக்கும்போது அதை நேர்செய்ய வேண்டும். 1950களின் நடுவில் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொதுத் தர வளைகோட்டின்படி 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 19 டெசிபல் கூட்டியும், 20 கிலோஹெர்ட்ஸில் அதே அளவு குறைத்தும் சமன் செய்கிறார்கள். இந்த இரண்டு வேலைகளையும் செய்வதுதான் போனோ என்று குறிக்கப்பட்ட துளை. அது இல்லாத ரிசீவரில் டர்ன்டேபிளை நேரடியாக இணைத்தால் ஒலி மிக மெல்லியதாக, பேஸே இல்லாமல் கேட்கும். மேலே சொன்ன யமஹா ஆர்-எஸ்202இல் போனோ இல்லை. ஏறத்தாழ அதே தரத்திலுள்ள சோனி எஸ்.டி.ஆர்-டி.எச்190இல் இருக்கிறது. சில டர்ன்டேபிள்களுக்குள்ளேயே போனோ ஆம்ப் இருக்கும். அதன் சுவிட்ச் லைன் என்ற நிலையில் இருந்தால் போனோ அல்லாத சாதாரணத் துளையில்தான் மாட்ட வேண்டும். வீட்டில் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தாத்தா காலத்துத் தட்டுகளை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றின் பள்ளம் பின்னாளில் வந்த எல்.பி. தட்டின் பள்ளத்தைவிட மிகவும் அகலமானது என்பதால் அவற்றுக்குத் தனி ஊசி வேண்டும். எல்.பி. ஊசியால் அவற்றை ஓட்டினால் இரைச்சலே மிஞ்சும்.

2. தொலைக்காட்சி. இதில்தான் வாங்கிய பிறகு ஏமாற்றம் அதிகம். இன்றைய தொலைக்காட்சிகள் பலவற்றில் சிவப்பு வெள்ளை ஒலி வெளியீட்டுத் துளைகள் இல்லை. ஆப்டிகல் அல்லது எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. என்ற டிஜிட்டல் வெளியீடுகள் மட்டுமே உண்டு. யமஹா ஆர்-எஸ்202, சோனி எஸ்.டி.ஆர்-டி.எச்190 இரண்டிலும் டிஜிட்டல் உள்ளீடே கிடையாது. டெனான் டி.ஆர்.ஏ-800எச் போன்ற விலை கூடிய ஸ்டீரியோ ரிசீவர்களில் எச்.டி.எம்.ஐ. வசதியும் போனோவும் சேர்ந்தே இருக்கின்றன. விலை குறைந்த ரிசீவரையே வாங்க விரும்பினால், ஆப்டிகலைச் சாதாரண ஒலிச் சைகையாக மாற்றும் சிறிய டி.ஏ.சி. பெட்டியைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் பி.சி.எம். (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்கக் கூடாது. டால்பி என்று விட்டுவைத்தால் அந்தச் சைகையைப் படிக்கத் தெரியாமல் சிறிய பெட்டி ஊமையாக இருக்கும், அல்லது இரைச்சல் போடும்.

3. கைபேசி. ப்ளூடூத் வசதி இப்போது ஏறத்தாழ எல்லாப் புதிய ரிசீவர்களிலும் இருக்கிறது. சி.டி.யின் தரவு வேகம் நொடிக்கு 1411 கிலோபிட்; ப்ளூடூத்தின் அடிப்படை முறையான எஸ்.பி.சி. வழக்கமாக 328 கிலோபிட் அளவுக்குள் அதைச் சுருக்கி அனுப்புகிறது. சமையல் வேளையில் பாட்டு கேட்க இது போதும். அமர்ந்து கேட்பவருக்குக் கைபேசியின் சி வகைத் துளையில் மாட்டும் சிறிய டி.ஏ.சி.யும் ஒரு கம்பியும் மலிவான, நல்ல மாற்று. தொலைக்காட்சி ஒலிக்கு ப்ளூடூத் உகந்ததல்ல. ஒலி பிந்தி வருவதால் உதட்டசைவும் சொல்லும் ஒட்டாமல் போகும்.

4. சப்ஊஃபர். சிறிய புத்தக அலமாரி ஸ்பீக்கர்களோடு பின்னாளில் சப்ஊஃபர் சேர்க்க எண்ணினால் அதற்கென்று வெளியீடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும், ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே சைகையை ஏற்கும் சப்ஊஃபர்கள் கிடைக்கின்றன.

இணைய வானொலி, வைஃபை ஆகியவற்றை உள்ளடக்கிய ரிசீவர்களும் உண்டு. அந்தச் செயலிகளின் ஆயுள் ஆம்ப்ளிஃபயரின் ஆயுளைவிடக் குறைவு. அந்த வேலையைத் தனிக் கருவியிடம் விட்டுவிடுவதே சிறந்தது என்பது என் கருத்து.

வானொலிப் பகுதியும் வெளிநாட்டுப் பெட்டிகளும்

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ரிசீவர், ஜப்பானிலிருந்து வந்த பழைய பெட்டி என்று பலரிடம் இருக்கும். இவற்றை மின்செருகியில் மாட்டுவதற்கு முன் பின்பலகையைப் படிப்பது கட்டாயம். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்னழுத்தம் மாற்றும் சுவிட்ச் இல்லாத பெட்டியை நேரடியாக மாட்டினால் ஃபியூஸ் போவதோடு நின்றால் நல்லூழ், டிரான்ஸ்ஃபார்மரே கருகக்கூடும். தகுந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வருபவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மின்சாரத்தைச் சரிசெய்தாலும் வானொலிப் பகுதி ஒத்துழைக்காமல் போகலாம். பழைய ஜப்பானிய உள்நாட்டு ரிசீவர்களின் எஃப்.எம். எல்லை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ். நம் நிலையங்களோ 88 முதல் 108க்குள் இருப்பதால் பெரும்பாலானவை அதில் அகப்படா. அமெரிக்காவில் எஃப்.எம். நிலையங்கள் 88.1, 88.3 என்று ஒற்றைப்படைத் தசமங்களிலேயே அமைகின்றன; அதற்கேற்பவே நகரும் சில டிஜிட்டல் டியூனர்களில் சென்னையின் 101.4, 106.4 ஆகியவற்றில் சரியாக நிற்க முடியாது. மத்திய அலையில் அவர்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலும் நாம் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலும் நிலையங்களை அமைக்கிறோம். திருச்சியின் 936, திருநெல்வேலியின் 1197 ஆகிய எண்கள் 10இன் மடங்குகள் அல்ல. சில பெட்டிகளில் இதை மாற்றும் சுவிட்ச் பின்னால் உண்டு.

ஸ்டீரியோவாக வரும் எஃப்.எம். நிலையத்தில் இரைச்சல் அதிகமாக இருந்தால், மோனோ பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஸ்டீரியோவைப் பிரித்தெடுப்பதற்கு வலுவான சைகை தேவை. பெட்டியோடு வரும் ஒற்றைக் கம்பிக்குப் பதிலாக மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனா வைத்தால் வேறுபாடு உடனே தெரியும்.

பழைய பெட்டி வாங்குவோருக்கு

1970களின் ரிசீவர்கள் உறுதியானவை. ஆனால் அவற்றிலுள்ள மின்பகு கெப்பாசிட்டர்கள் வயதானால் வறண்டுபோகும். ஒலிக் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று வரும் சத்தம் பெரும்பாலும் தூசியால் வருவது, சுத்தம் செய்தால் போய்விடும். பயப்பட வேண்டியது வேறு: ஒலியை முழுவதும் குறைத்து, ஸ்பீக்கரை மாட்டாமல், ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து நேர் (டி.சி.) மின்னழுத்தம் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. வோல்ட் கணக்கில் காட்டினால் அந்தப் பெட்டி ஸ்பீக்கரை எரித்துவிடும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் அசெம்பிள் செய்து தரும் ஆம்ப்ளிஃபயர்களில் நல்லவையும் உண்டு, எந்த ஐ.சி., எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் என்று கேட்டு அறிந்து வாங்க வேண்டும். இவற்றில் பயன்படும் எஸ்.டி.கே. வரிசை ஐ.சி.களில் போலிகள் மிகுதி.

வீட்டில் வைக்கும்போது

ஏ.பி. வகை ஆம்ப்ளிஃபயர் வெப்பத்தை மேல்புறத் துளைகள் வழியாக வெளியேற்றுகிறது. கண்ணாடிக் கதவுள்ள ஷோகேசுக்குள் வைப்பதும், மேலே செட் டாப் பாக்ஸை அடுக்குவதும், தூசுக்காகத் துணி போர்த்தி அப்படியே இயக்குவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். மின்வெட்டின்போது சதுர அலை இன்வர்ட்டரில் ஓடினால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், ஸ்பீக்கரிலும் இரைச்சல் கேட்கும். சைன் அலை இன்வர்ட்டரில் இது இராது.

ஸ்பீக்கர் கம்பிக்குப் பெருந்தொகை செலவிடத் தேவையில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 5 மீட்டர் தொலைவுக்குப் போய்வரும் மொத்தத் தடை 0.12 ஓமுக்குள்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன் அது ஒரு பொருட்டல்ல. எலக்ட்ரிக்கல் கடையில் ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். என்று கேட்டால் கிடைக்கும் பல இழைக் கம்பியே போதும். கவனிக்க வேண்டியது நிறத்தை: ரிசீவரின் சிவப்பு முனை ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்கும், கருப்பு கருப்புக்கும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால், ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். பேஸ் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒலியளவை எவ்வளவு கூட்டினாலும் அது திரும்பாது. சோதிப்பது எளிது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சம தொலைவில் அமர்ந்து, ஒரே ஒரு குரல் பாடும் பதிவை, மோனோவாக இருந்தால் இன்னும் நல்லது, ஒலிக்கவிடுங்கள். இணைப்பு சரியாக இருந்தால், பாடுபவர் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, எதுவும் வைக்காத அந்த வெற்றிடத்தில் நின்று பாடுவதுபோல் கேட்கும். குரல் இடமின்றி அறை முழுவதும் கலைந்து கேட்டால், ஒரு ஸ்பீக்கரின் கம்பிகளைக் கழற்றி மாற்றி மாட்டுங்கள்.